இன்னும் ஒரு வாரம் வெளியே படுங்கள்

தாராவியில் எங்கள் சபை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் நாலு பேர் சுற்றிக்கொள்வார்கள். "தம்பி, அடுத்தது எப்ப?" என்பார்கள். அடுத்த ஃபாஸ்ட் லோக்கல் ரயில் எப்போது என்று கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள். நான் நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகளுக்குக் கீழே உட்கார்ந்து திரையில் வரும் கோடுகளைப் படித்துக் கொடுக்கிற ஆள். ஆனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோலும் துணியும் தைத்துப் பிழைத்த எங்கள் கூட்டத்தில் சர்க்கார் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மழை வருமா, காய்ச்சல் பரவுமா, பூமி ஆடுமா என்று எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்பதுதான் என் பதில். இருபது வருடமாக அதையே சொல்லி வந்தேன், கொஞ்சம் எரிந்து விழுந்தே சொல்வேன். 'இன்றிரவு பெரிய பூகம்பம், செல்போனை அணைத்து வைக்கவும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களோடு சண்டை போட்டு இரண்டு குடும்பங்களோடு பேச்சு வார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் அந்தப் பதிலை மாற்றிச் சொன்னேன். என் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை நம்பினார், அதனால் செத்துப்போனார்.

அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. செம்பூரில் நான் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. அப்பாவுக்கு முப்பது வருடம் தோல் பட்டறைத் தூசியைத் தின்ற நெஞ்சு. இரண்டு மாடி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். அதனால் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை நர்ஸ். மும்பைக்கு வடக்கே, லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி ஷேர் ஜீப்பில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்துக் குவார்ட்டர்ஸில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். கல் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் கொய்யா மரம். அங்கே காற்று நல்ல காற்று என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் அந்தப் பக்கத்தில் பூமி ஆட ஆரம்பித்தது. பெரிய ஆட்டம் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து, சில நாள் பத்து, சில நாள் ஒன்றுமே இல்லை. இப்படிக் கூட்டமாக வருகிற அதிர்வுகள் சில மாதம் ஆடிவிட்டுத் தானாக அடங்கலாம், வருடக்கணக்கில் இழுக்கலாம், கடைசியில் ஒரு பெரியதைக் கொண்டுவரவும் செய்யலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்கள் தொழிலில் இதுவரை யாருக்கும் துப்பில்லை. மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் மேலதிகாரி இதை எங்களுக்கு வேதம் மாதிரி ஓதுவார். "பூமி என்ன பண்ணித்துன்னுதான் நாம சொல்லணும். என்ன பண்ணப்போறதுன்னு சொல்லப்படாது. வெளில யாராவது கேட்டா சிரிச்சுட்டுப் போயிடு."

அப்பா இதையெல்லாம் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், உடம்பில் உணர்ந்த ஒவ்வொரு அதிர்வுக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். காலையில் நான் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்ததும் போன் வரும்.

"ஏலே, நேத்து எட்டு. ஓம் மெஷினு எத்தன சொல்லுது?"

"ஒம்போது."

"ஒண்ணு விட்டுட்டனோ? டீ குடிக்கையில வந்திருக்கும். கட்டிலுக்கு அடியில ஒருத்தன் உக்காந்து தட்டுத மாதிரிலா இருக்கு. நீ என்னலே, பூமி ஆடுததுக்குத் தாளம் போட்டுச் சம்பளம் வாங்குத!"

எனக்கும் அப்பாவுக்கும் அதற்கு முன்னால் பேச ஒன்றும் இருந்ததில்லை. பட்டறைக்கு வராமல் படிக்கப் போனவன் என்ற வருத்தம் அவருக்கு. அவர் அந்த வருத்தத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டார் என்ற கோபம் எனக்கு. நலமா, சாப்பிட்டியா, மாத்திரை போட்டாச்சா என்ற மூன்று கேள்விகளோடு முடிகிற போன்தான் எங்களுடையது. அந்த இரண்டு மாதம் மட்டும் நாங்கள் சிநேகிதர்கள் போலப் பேசினோம். அவருடைய எண்ணும் என்னுடைய எண்ணும் ஒன்றுபோல வந்த நாட்களில் எனக்கு வேலை செய்யவே ஓடாது, அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சுவர்களில் வெடிப்பு விட ஆரம்பித்ததும் சர்க்கார் ஊருக்கெல்லாம் தார்ப்பாய் கொடுத்து வெளியே படுக்கச் சொன்னது. ஆதிவாசிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஆசிரமப் பள்ளிக்கு முன்னால் இருந்த திடலில் ஊரே கூடாரம் போட்டது. அப்பாவும் தங்கை குடும்பமும் அங்கேதான் படுத்தார்கள். முதலில் திருவிழா மாதிரி இருந்ததாம். பிறகு பனி வந்தது. அந்தப் பக்கத்துப் பனியில் தார்ப்பாய் விடியும்போது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதிர்வுகளும் பெரிதாக வளரவில்லை. ஒவ்வொரு வீடாக ஜனங்கள் உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கினார்கள். வெளியே படுக்கச் சொன்ன சர்க்காரும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அப்பாக்கு நெஞ்சுல சத்தம் கேக்குது. ஸ்டெத் வச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் இருக்கு. இன்னைக்குலருந்து எல்லாரும் உள்ள படுத்துக்கிடுதோம். சரியா?"

எங்கள் வீட்டில் எதையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்வார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம், எல்லாம் அப்படித்தான். மூத்தவன், படித்தவன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "இரு, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு இடத்தில் நடுத்தரமான அதிர்வு ஒன்று வந்தால், அதைவிடச் சின்னவை ஏறக்குறைய பத்து வரும், அவற்றைவிடச் சின்னவை இன்னும் பத்து மடங்கு. அந்த விகிதம் மாறி, சின்னவை குறைந்து நடுத்தரமானவை மட்டும் தொடர்ந்தால், பூமிக்குள் அழுத்தம் ஏறுகிறது, பெரியது வரலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வரலாம் என்றுதான் சொல்கிறார்கள், வரும் என்று இல்லை. அலுவலகத்திலிருந்து குறித்துக்கொண்டு வந்த எண்களை வாரம் வாரமாகப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாளில் சின்னவை பாதிக்குக் கீழே விழுந்திருந்தன. அந்த நாட்களில் அப்பா போனில் சொன்ன எண் என்னுடையதைவிடக் கூடுதலாகவே வந்தது, இருமல்காரர் கணக்கு என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். பயத்தோடு கூடவே இன்னொன்றும் இருந்தது. இருபது வருடம் அடுத்தவர்களுக்காகக் கோடு படித்தவன், முதல் தடவையாக நானே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை. அதை யாரிடமும் காட்டிச் சரிபார்க்கத் தோன்றவில்லை. காட்டினால் மேலதிகாரி சிரித்துவிட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

தங்கையைக் கூப்பிட்டேன். "உள்ள போகாதீங்க. இன்னும் ஒரு வாரம் வெளியவே படுங்க."

"ஊரே உள்ள போயிட்டுண்ணே."

"ஊருக்குக் கிராஃப் பாக்கத் தெரியாது."

"ஒனக்குக் கிராஃப் தெரியும், எனக்கு நெஞ்சு தெரியும். இந்தப் பனியில இன்னொரு வாரம் அப்பா தாங்க மாட்டாவ. நான் தெனமும் பாக்குதேம்லா."

"கல் சுவரு மேல விழுந்தா நெஞ்ச வச்சு என்ன செய்யப்போற? ஆளே இருக்க மாட்டாவ."

இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருந்தது. அப்பா போனை வாங்கினார். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"எத்தன நாளைக்குலே?"

"ஒரு வாரம்ப்பா. ரொம்பக் கொறஞ்சிட்டு, பாத்தியளா? நேத்து நாலுதான் வந்திருக்கு. இப்படிக் கொறையது நல்லதுக்கில்ல."

"நாலா? நான் பதினொண்ணுலா போட்டிருக்கேன்."

"ஒங்களுக்குப் பிரமை. இருமும்போது ஒடம்பு ஆடுதுல்லா, அதயும் சேத்துப் போட்டிருப்பீய."

"இருக்கும். வயசாயிட்டு" என்றார். அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கை சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வாரம் திடலில் மிஞ்சியது இரண்டு மூன்று கூடாரங்கள்தான் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். போகிறவர் வருகிறவர் கேட்டால் அப்பா தன் பம்பாய் இந்தியில், "மேரா பேட்டா போலா ஹை" என்பாராம். என் மகன் சொல்லியிருக்கிறான். பம்பாயில் பெரிய மெஷினில் பார்க்கிற வேலை, அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்பாராம். ஜனங்கள் சிரித்துக்கொண்டு போவார்களாம். தங்கை பிள்ளைகளுக்கு இரட்டைக் கம்பளி சுற்றி, அப்பாவுக்குத் தன் கம்பளியையும் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

ஐந்தாம் நாள் காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நிமோனியா. மும்பையில் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம், நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"ஏலே, வந்துட்டா?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "இன்னும் வரலப்பா."

"வரும்" என்றார். "நீ சொன்னேல்லா." என் கையைத் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தவனைத் தேற்றுகிற தட்டு அது. நான் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, வராண்டாவுக்குப் போய் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆண்டவர் சித்தம் என்றார்கள். அன்று ஒருவரும் என்னிடம் அடுத்தது எப்போது என்று கேட்கவில்லை. மண் போட்டு முடித்ததும் தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். "உள்ள படுத்திருந்தா இருந்திருப்பாவ" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. நோயாளியின் சீட்டில் எழுதுகிற மாதிரிச் சொன்னாள். நான் சொன்ன வாரம் முடிந்து, அதற்கடுத்த வாரமும் முடியப்போகிற சமயம். வீட்டுச் சுவரில் ஒரு கல்கூட நகரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்து நிலையங்களைப் பழுது பார்க்க என்னை அனுப்பினார்கள். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் புதைத்த ஒரு கருவி, ஒரு பெட்டி, கூரையில் சோலார் தகடு, ஒரு பேட்டரி. ஆசிரமப் பள்ளியின் பின்னறையில் எங்களுடையது ஒன்று இருந்தது. அது கொஞ்ச நாளாகப் பதிவு அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத் திரையில் அதன் புள்ளி சிவப்பாகத்தான் கிடந்தது. மேகம் போட்டால் நிற்கும், எலி ஒயரைக் கடித்தால் நிற்கும், அதனால் எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பெட்டியைத் திறந்தேன். பேட்டரி இல்லை.

பள்ளிக் காவல்காரர் மராத்தி கலந்த இந்தியில் சொன்னார், ஒளிக்காமல் சொன்னார். திடலில் எல்லோரும் படுத்திருந்த சமயத்தில் ஒரு பெண்ணுக்குக் கூடாரத்திலேயே வலி வந்துவிட்டதாம். சிஸ்டர் ஓடி வந்து, "பாபா, லைட் பாஹிஜே" என்று வெளிச்சம் கேட்டாராம். இவர்தான் யோசித்து இந்தப் பேட்டரியைக் கழற்றி ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தாராம். எங்கிருந்து கழற்றினார் என்று சிஸ்டர் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. "பச்சா ஏக்தம் டீக் ஹை, சாப்" என்று சந்தோஷமாகச் சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பல்பு தினமும் கூடாரத்தில் எரிந்தது, தாத்தாவுக்கு இருமல் என்று கடைசி வாரம் அவருடைய கூடாரத்தில் எரிந்தது. அந்தச் சிஸ்டர் என் தங்கை.

பிள்ளை பிறந்த நாளைச் சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டேன். நான் நோட்டை விரித்து உட்கார்ந்த சனிக்கிழமைக்குப் பதினோரு நாள் முன்பு. சின்ன அதிர்வுகள் குறையவில்லை. அவற்றைக் கேட்கிற காது ஒன்றைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தூரத்து நிலையங்களுக்குப் பெரியவை மட்டும் கேட்டன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவோம்: எண்ணிக்கை குறைந்தால் பூமியைச் சந்தேகிக்காதே, முதலில் நிலையத்தைச் சந்தேகி. அதை நான் செய்யவில்லை. சிவப்புப் புள்ளியைத் தினமும் பார்த்துக்கொண்டே செய்யவில்லை.

தங்கை கொடுத்த அப்பாவின் பொருள்களில் அந்த நாள்காட்டித் தாள்கள் இருந்தன. அவருடைய பென்சில் கோடுகளை நாள் நாளாக எண்ணினேன். ஒன்பது, பத்து, எட்டு, பதினொன்று. கடைசி நாள் வரைக்கும் ஒரே சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றைக்கூடப் பிரமையில் போடவில்லை. நான்தான் அவற்றைப் பிரமை என்றேன்.

இதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் என் தவறை விட்டுவிடுவாள், பேட்டரியைப் பிடித்துக்கொள்வாள். 'நான் வெளிச்சம் கேட்டதாலா?' என்ற ஒரு கேள்வியோடு அவள் மிச்சக் காலத்தையும் கழிப்பாள். அவள் கேட்டது ஒரு பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவர. அதில் என்ன தவறு இருக்கிறது? அவளும் நானும் படித்தது இந்தி மீடியம் பள்ளிக்கூடம். நான் சபையில் பைபிள் வாசித்துத் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன், அவளுக்குத் தமிழில் கடைப் பலகைகூட வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

வெளியே சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அப்பா போன பிறகு அந்தப் பெரியது வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அந்த ஊரில் என் தங்கை இருக்கிறாள், அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஜனங்கள் இருக்கிறார்கள். எல்லோரும் வெளியே நிற்கிற நேரமாகப் பார்த்து அந்த வீடு மட்டும் விழட்டும் என்று நினைப்பேன். ஜெபம் பண்ணும்போதுகூட அந்த நினைப்பு வரும். பேட்டரி சமாச்சாரம் தெரிந்த பிறகும் அது போகவில்லை. கணக்கு தப்பாக இருந்தாலும் முடிவு சரியாகிவிட்டால் போதும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

அடுத்த மழைக்காலத்தில், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வந்தது. எங்கள் அலுவலகத் தரையில் ஒன்றும் தெரியவில்லை, திரையில்தான் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் விரிந்தன. அந்தக் கூட்டத்தில் அதுவரை வந்த எல்லாவற்றையும் விடப் பெரியது. இரண்டு நிமிடத்தில் இடத்தைக் கணித்துவிட்டேன். தங்கை ஊருக்கு நேர் கீழே. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணே, இப்பத்தான்..."

"வீடு விழுந்துட்டா?"

"இல்ல. நாலஞ்சு ஓடு சரிஞ்சிருக்கு. சுவரு நல்லாத்தான் நிக்கி."

"பின்பக்கத்துச் சுவரு? அதையும் பாத்தியா? வெளிய நின்னு நல்லாப் பாத்துச் சொல்லு."

பின்னால் சின்னவன் அழுதுகொண்டே இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிள்ளைங்க எப்படி இருக்குன்னு நீ கேக்கவே இல்லியேண்ணே" என்றாள்.

என் திரையில் கோடுகள் இன்னும் அடங்கவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"வீடு விழணும்னு இருந்தியா? விழுந்தா அப்பா செத்தது சரியாப் போயிருமா?"

பேட்டரி என்ற ஒரு சொல் என் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு என் மேல் இருக்கிற கோபம் அந்த நிமிடமே தீர்ந்துவிடும். அது தீர்ந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்றும் எனக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன். "விழணும்னுதான் இருந்தேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே எத்தனையோ தடவை பூமி ஆடிவிட்டது, கோடுகளை நான்தான் படித்துக் கொடுக்கிறேன். அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.